கயிற்றோடுதான் வருவோம்

ஒரு பூங்காவுக்குள் நுழைந்ததும் மற்ற அம்மாக்கள் ஊஞ்சல் எங்கே, சறுக்கு எங்கே என்று தேடுவார்கள். நான் முதலில் மதில் சுவரைப் பார்ப்பேன். சுவர் முழுதாக ஓடுகிறதா, நடுவில் எங்காவது இடிந்து கிடக்கிறதா, கேட் ஒன்றா இரண்டா, தாழ்ப்பாள் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, வெளியே என்ன ரோடு. அதற்குப் பிறகு காதைக் கொடுத்துக் கேட்பேன். ஸ்பீக்கரில் பாட்டு ஓடினால் அந்த இடம் எங்களுக்கு ஆகாது. இவ்வளவும் ஒத்துவந்தால் கடைசியாகத்தான் ஊஞ்சல். என் மகளுக்கு ஊஞ்சல் இல்லாவிட்டால் அது பூங்காவே இல்லை.

அவளுக்கு அப்போது ஏழு வயது. மகனுக்கு நாலரை. அவனுக்குப் பேச்சு வரவில்லை. கால் மட்டும் ஒரு இடத்தில் நிற்காது. ஆட்டிசம் என்று பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் சொன்னார். இரண்டு பள்ளிக்கூடங்கள் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டன. சொந்தக்காரர்கள், "வெளிய தெருவ கூட்டிட்டுப் போவாதளா, கண்ணு பட்டுரும்" என்றார்கள். கண் படுகிற அளவுக்கு எங்களிடம் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. வீடு மாடியில் ஒரு அறை, ஒரு அடுப்படி. அதற்குள் அவன் சுவருக்குச் சுவர் ஓடினால் கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றுக் கம்பால் அவர் வீட்டுக் கூரையைத் தட்டுவார். எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: என் இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் விளையாட வேண்டும். ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு போய் ஒருத்தனைப் பூட்டி வைக்கிற ஏற்பாட்டுக்கு நான் அன்றும் சம்மதிக்கவில்லை, இன்றும் இல்லை.

கடற்கரைப் பூங்காவுக்குத்தான் முதலில் போனோம். தூத்துக்குடியில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எல்லோரும் அங்கேதான். சுண்டலும் ராட்டினமுமாக நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பேருக்குக்கூட ஒரு சுவர் இல்லை. மணலில் இறக்கிவிட்டதும் மகன் கடலைப் பார்த்து ஓடினான். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, நிற்கவில்லை. இடுப்புக்கு வந்தது, அப்போதும் நிற்கவில்லை. சேலையோடு இறங்கித் தூக்கி வந்தேன். நான் கடலோரத்தில் பிறந்து, கடலோரத்தில் வாழ்க்கைப்பட்டவள். கடலைப் பார்த்து நான் பயந்தது அன்றைக்குத்தான்.

அடுத்தது ஊருக்கு நடுவில் இருக்கிற பெரிய பூங்கா. அங்கே சுவர் உண்டு, ஊஞ்சல் உண்டு, குட்டி ரயில்கூட உண்டு. கூடவே காது கிழிகிற பாட்டும் உண்டு. மகன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பாதையிலேயே படுத்துவிட்டான். ஐந்து நிமிஷத்தில் எங்களைச் சுற்றி ஒரு கூட்டம். "வலிப்புல்லா, கையில இரும்பக் குடுங்க" என்று யாரோ சொல்ல, ஒரு பெரியவர் தன் பைக் சாவியை எடுத்து அவன் கையில் திணித்தார். வலிப்பு இல்லை என்று நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. அந்தப் பூங்காவிலேயே மகனுக்குப் பிடித்த ஒரே பொருள் அந்தச் சாவிதான். பெரியவர் பைக்கை எடுக்க முடியாமல் அரை மணி நேரம் எங்களோடு உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாள் பஸ் பிடித்துப் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குப் போனோம். அதைப் பூங்கா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன். சுற்றிலும் மதில், பாட்டு இல்லை, அன்றைக்கு ஆளும் அதிகம் இல்லை. மகன் உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தேய்த்துக்கொண்டே ஓடினான், சுற்றிச் சுற்றி ஓடினான், ஒருவரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மகள்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்கன ராஜா வீட்டுப் புள்ளைங்களுக்கு ஒரு ஊஞ்சகூட கெடையாதாம்மா?"

"அவங்களுக்குச் சண்ட போடவே நேரம் பத்தலளா" என்றேன்.

அங்கே மாதம் ஒரு தரம் போகலாம். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கே போவது?

கடைசியில் எங்களுக்கு மிஞ்சியது இரண்டு தெரு தள்ளி இருக்கிற சின்னப் பூங்கா. மாநகராட்சி கட்டியது, அந்தப் பகுதி நலச் சங்கம் பார்த்துக்கொள்கிறது. நாலு பக்கமும் சுவர், ஒரே ஒரு கேட், நடக்கிறவர்களுக்கு டைல்ஸ் போட்ட பாதை, நடுவில் மணல், இரண்டு ஊஞ்சல். உப்புக் காற்றில் ஊஞ்சல் சங்கிலி துருப்பிடித்துப் பிள்ளைகளின் உள்ளங்கையெல்லாம் செம்மண் நிறமாகும். இருந்தாலும் நான் தேடிய எல்லாமும் அங்கே இருந்தது. மகனுக்கு மணல், மகளுக்கு ஊஞ்சல், எனக்குச் சுவர். மூன்று வாரம் நிம்மதியாக இருந்தோம்.

நாலாவது வாரம் நான் ஊஞ்சலை ஆட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நடக்க வந்தவர் ஒருவர் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போய்விட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது மணலில் மகன் இல்லை. ரோட்டில் பிரேக் போடுகிற சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு உப்பு லாரி நிற்கிறது, அதன் முன்சக்கரத்துக்கு இரண்டு அடி தள்ளி இவன் நின்று லாரி முகப்பில் ஆடுகிற எலுமிச்சம்பழத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். டிரைவர் இறங்கி, "ஏளா, புள்ளயப் பெத்தா மட்டும் போதுமா, பாக்கத் தெரியாண்டாமா?" என்று கத்தினார். யார் என்ன சொன்னாலும் பதில் பேசுகிற நான் மகனைத் தூக்கிக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே வீடு வந்து சேர்ந்தேன்.

என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கிறவர், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிற தொழில். இப்போது கம்ப்ரஸர் வந்துவிட்டது, காற்றுக் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். இருந்தாலும் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். அதன் மறுமுனை வள்ளத்தில் என் அண்ணன் கையில். எங்கள் பக்கம் கயிறு பிடிக்க மச்சான்தான் போவான், பெண்டாட்டியோடு கூடப் பிறந்தவன். தங்கச்சியின் தாலி நினைப்பில் இருக்கிறவன் கண்ணயர மாட்டான் என்பது நம்பிக்கை. கயிறு பிடிக்கிறவனுக்கு ஒழுங்கு உண்டு. பேச்சுக் கூடாது, செல்போன் கூடாது, வேடிக்கை கூடாது. கயிறு விறைக்கவும் கூடாது, தொய்யவும் கூடாது. கீழேயிருந்து இழுப்பு வந்தால் ஏன் எதற்கு என்று யோசிக்காமல் மேலே தூக்க வேண்டும்.

லாரி விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் எழுந்துபோய்க் கத்தியை எடுத்து வந்தார். தன்னுடைய பழைய கயிற்றில் ஏழெட்டுப் பாகம், அதாவது ஏழெட்டு ஆள் நீளம், வெட்டினார். இடுப்பில் வருகிற இடத்துக்குப் பழைய வேட்டித் துணியைச் சுற்றித் தைத்தார், இழுத்தாலும் இறுகாத முடிச்சுப் போட்டார். மகன் அதைக் கட்ட விடமாட்டான் என்று நினைத்தேன். சட்டைப் பொத்தானைக்கூடப் பிய்த்துப் போடுகிறவன், அப்பா வாசம் அடித்ததோ என்னவோ, கட்டியதும் துணியைத் தடவிக்கொண்டு சும்மா நின்றான்.

மறுநாளிலிருந்து கயிற்றோடு போனோம். நான் மணல் ஓரத்தில் நின்றுகொண்டு கயிறு பிடித்தேன். பக்கத்தில் வந்து பேசிய பெண்களுக்கு முகத்தைத் திருப்பாமல் "ம்" மட்டும் சொன்னேன். எனக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொண்டார்களாம். பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில் நான் ஒரு தப்புச் செய்தேன். சங்கு குளிக்கிற வீட்டில் வாழ்க்கைப்பட்டவள் மட்டும்தான் அந்தத் தப்பைச் செய்ய முடியும். மகன் கயிற்றை இழுத்தால் நான் உடனே அவனை என் பக்கமாக இழுத்தேன். இழுப்பு வந்தால் தூக்கு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவன் எங்கோ போகப் பார்க்கிறான், நான் இங்கே கொண்டுவருகிறேன். அவன் கத்துகிறான், திரும்ப இழுக்கிறான், நான் இன்னும் வேகமாகக் கொண்டுவருகிறேன். மூன்று வாரம் இப்படி. பிள்ளைக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்கிறேன் என்கிற பெருமை வேறு.

கச்சான் காற்று பலமாக அடித்து, கடல் கலங்கித் தொழில் நின்ற ஒரு நாள் வீட்டுக்காரரும் பூங்காவுக்கு வந்தார். கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏளா, நீ என்ன செய்யுத?"

"அவன் இழுக்கான், நான் தூக்குதேன்."

அவர் சிரித்த சிரிப்பில் நடக்க வந்த இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். "அவன் என்ன சங்கு எடுக்கவா எறங்கியிருக்கான்? கடல்ல இழுத்தா மேல வரணும்னு அர்த்தம். இங்கன இழுத்தா அங்கன போவணும்னு அர்த்தம். கயித்த விடுளா."

அடுத்த இழுப்புக்கு ஒரு முழம் விட்டேன். மகன் நின்றான். திரும்பி என்னைப் பார்த்தான். அவன் யார் முகத்தையும் பார்க்கிற பிள்ளை இல்லை. மறுபடி மெதுவாக ஒரு இழுப்பு, மறுபடி என் முகம். நான் இன்னொரு முழம் விட்டேன். நாலரை வருஷத்தில் அவன் கேட்டு நான் கொடுத்த முதல் பொருள் அந்த ஒரு முழக் கயிறு. எனக்கு அழுகை வந்தது. கயிறு பிடிக்கிறவள் கண்ணைத் துடைக்கக் கூடாது என்று ஒழுங்கு எதுவும் இல்லை, துடைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கத்தல் பாதியாகக் குறைந்தது. கேட்கத் தெரிந்தவன் எதற்குக் கத்தப்போகிறான்? இது எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது. நலச் சங்கத்துக்குக் கயிறு மட்டும்தான் தெரிந்தது.

சங்கத்துச் செயலாளர் ரிட்டயர்டு ஆள். தினம் பத்துச் சுற்று நடப்பார். ஒருநாள் சுற்றை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

"தங்கச்சி, இது சரியில்ல. நாயக் கட்டுத மாதிரில்லா புள்ளயக் கட்டிக் கூட்டிட்டு வாரிய."

"நாய்க்குக் கழுத்துல கட்டுவாங்க அண்ணாச்சி. இவனுக்கு இடுப்புல கட்டியிருக்கேன். எங்க வீட்டுக்காரருக்கும் இடுப்புலதான் கட்டுது. அவரு கயிறு இல்லாம கடல்ல எறங்குனா நீங்க என்ன சொல்லுவிய?"

"அது தொழிலு. இது பார்க்கு. நாலு பேரு வந்து போற எடம்."

"அந்த நாலு பேர்ல இவனும் ஒருத்தன் அண்ணாச்சி."

அவர் மிச்சச் சுற்றை நடக்கப் போய்விட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். இரண்டு நாளில் அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் என் மகன் படம் வந்தது, கயிற்றோடு, முதுகுப்பக்கம். பக்கத்து வீட்டுப் பெண்தான் காட்டினாள். ஒருவர் இது கொடுமை என்று எழுதியிருந்தார். ஒருவர் போலீசுக்குச் சொல்லலாமா என்று கேட்டிருந்தார். ஒருவர், பாவம், ஆனால் இந்த மாதிரிப் பிள்ளைகளை வீட்டில் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது என்று கும்பிடு போட்டு எழுதியிருந்தார். பத்துச் சுற்று நடக்கிற நேரத்தில் ஒரு சுற்று நேரம் நாம் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் என்ன என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை.

அந்த வாரமே கேட்டில் போர்டு வந்துவிட்டது. ஏற்கெனவே பூப் பறிக்கக் கூடாது, நாய்களுக்கு அனுமதி இல்லை என்று இருந்தது. அதற்குக் கீழே புதுப் பெயின்டில், 'குழந்தைகளைக் கயிற்றால் கட்டி அழைத்து வரக் கூடாது.' அந்தப் போர்டு இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. ஊரில் கயிறு கட்டிப் பிள்ளையைக் கூட்டிப்போகிறவள் நான் ஒருத்திதான். பேரைப் போட்டே எழுதியிருக்கலாம்.

அன்று வாட்ச்மேன் கேட்டை மறித்துக்கொண்டு நின்றார். வயதானவர், வாங்குகிற சம்பளத்துக்குச் சொன்னதைச் செய்கிறவர். "உள்ள விடக் கூடாதுன்னுட்டாவம்மா. பாப்பா வேணா போவட்டும்" என்றார்.

மகள் என்னைப் பார்த்தாள், ஊஞ்சலைப் பார்த்தாள். "போ" என்றேன். ஏழு வயசுப் பிள்ளை, காலையிலிருந்து ஊஞ்சலுக்காகக் காத்திருந்தவள். நானும் மகனும் வெளியே நின்றோம். அவனுக்குக் கம்பிக்கு அந்தப் பக்கம் மணல் தெரிந்தது. கயிற்றை இழுத்தான், நான் விட்டேன், கம்பியில் போய் முட்டினான். மறுபடி இழுத்தான். கேட்டால் கிடைக்கும் என்று நான்தானே சொல்லிக்கொடுத்தேன்? இப்போது கேட்டுக்கொண்டே இருக்கிறான், கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்த ஆரம்பித்தான்.

ஊஞ்சல் கேட்டுக்குப் பக்கம்தான். மகளுக்குப் பக்கத்து ஊஞ்சலில் இருந்த பெண் பிள்ளை கேட்டது என் காதில் விழுந்தது.

"அங்கன கத்துறது யாரு?"

மகள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. "தெரியாது" என்றாள்.

லாரி நின்றபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. கேட்டைப் பிடித்திருந்த என் கை கம்பியிலேயே இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் அவள் கேட்டாள்: "நாளைக்குத் தம்பிய வீட்டுல விட்டுட்டு வருவமாம்மா?"

"அவன் வீட்டுல இருந்தா நானும் வீட்டுலதான். நீ மட்டும் தனியா போ" என்று சுள்ளென்று சொல்லிவிட்டேன். அவள் அழுதுகொண்டே நடந்தாள். செயலாளர் மேல் இருந்த கோபத்தை ஏழு வயசுப் பிள்ளை மேல் இறக்கினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் என்ன தப்புச் செய்தாள்? கேட்டில் எழுதியிருந்ததைப் படித்தாள். தம்பி வெளியே நிற்க வேண்டியவன், தான் உள்ளே ஆட வேண்டியவள் என்று பெரியவர்கள் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவள் நன்றாகப் படிக்கிற பிள்ளை, ஒரு மணி நேரத்தில் பாடமாகிவிட்டது. அந்தப் பாடத்தை அவள் இரண்டாம் நாள் படிக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். படித்துவிட்டால் அப்புறம் எந்தப் பூங்காவும் எங்களுக்குப் பிரயோஜனம் இல்லை.

மறுநாள் வீட்டுக்காரர் கடலிலிருந்து சீக்கிரம் வந்து, தானும் வருவதாகச் சட்டை போட்டார். என் அண்ணனும் வாசலில் நின்றான், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு. இரண்டு பேரையும் வர வேண்டாம் என்றேன். ஆம்பளைகள் வந்தால் அது சண்டை ஆகிவிடும். நான் பிள்ளைகளை விளையாடத்தான் கூட்டிப்போகிறேன்.

கேட்டில் அன்றைக்குச் செயலாளரே நின்றார். தாழ்ப்பாளில் கை, பக்கத்தில் வாட்ச்மேன். நடக்க வந்தவர்கள் நடையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

"இந்த போர்ட கார்ப்பரேஷன் எழுதுச்சா, நீங்க எழுதினியளா அண்ணாச்சி?"

"சங்கத்துல கூடிப் பேசி முடிவு பண்ணது."

"அப்ப சங்கத்து ஆபீஸ் கேட்டப் பூட்டுங்க. இது கார்ப்பரேஷன் கேட்டு."

"தங்கச்சி, சொன்னாக் கேளுங்க. கயித்த அவுத்துட்டு வாங்க, தாராளமா உள்ள விடுதேன்."

"அவுக்குதேன். அவன் பின்னால நீங்க ஓடுவியளா? தெனமும் ஓடணும்."

அவர் தாழ்ப்பாளை விட்டுவிட்டுப் போர்டைக் காட்டிக் கையை நீட்டியபோது, நடக்க வந்த பெண் ஒருத்தி உள்ளே போவதற்காக வாட்ச்மேன் பழக்கத்தில் கேட்டைத் திறந்துவிட்டார். மகன் கயிற்றை இழுத்தான். நான் விட்டேன். அவன் செயலாளரின் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டான். அவன் உள்ளே, நான் வெளியே, நடுவில் கயிறு. செயலாளர் கேட்டைச் சாத்தப் போனார், சாத்தினால் கயிறு மாட்டும், கயிறு மாட்டினால் பிள்ளை விழும். அவர் என்னைப் பார்த்தார்.

"சாத்துங்க அண்ணாச்சி. நாலு பேரு பாக்கட்டும்" என்றேன். கயிற்றைத் தொய்யவிடாமல் பிடித்துக்கொண்டேன்.

அவர் கேட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். மனசு மாறி எடுத்தார் என்று சொல்ல மாட்டேன், அவர் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. "ஓரமாவாவது வச்சுக்கங்க" என்று முணுமுணுத்தார். மணல் நடுவில்தான் இருக்கிறது. நடுவில்தான் போனோம்.

மகன் மணலில் உட்கார்ந்து அள்ளி அள்ளி மேலே விட ஆரம்பித்தான். மகள் என் பின்னாலேயே நின்றாள். அவளைப் போ என்றோ இரு என்றோ நான் ஏவவில்லை. முந்தின நாள் சொன்னதே அதிகம். கொஞ்ச நேரம் கழித்து அவளாக ஊஞ்சலுக்குப் போனாள். பக்கத்து ஊஞ்சலில் அதே பெண் பிள்ளை. என் கண் கயிற்றின் மேல் இருந்தது, காது முழுக்க அங்கே.

"நேத்து கேட்டுல கத்துனது அவன்தான? யாரு அவன்?"

ஊஞ்சல் சங்கிலிச் சத்தம் நின்றது.

"எந் தம்பி" என்றாள் மகள். "அவனுக்குப் பேச்சு வராது. மண்ணுன்னா ரொம்பப் புடிக்கும்."

"எதுக்குக் கட்டியிருக்கு?"

"அது எங்கப்பா கயிறு. நீ கேட்டாலும் தர மாட்டோம்."

பாதையில் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளரும் பார்த்தார். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.